தோப்பு, துண்டு, சல்லடை: வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குப் பல பொருள் வருவதைப் பற்றிப் போன மாதம் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பதில் சொல்லப் பக்கத்தில் வைத்திருப்பது என் பழைய அகராதி. 1974இல் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போது எனக்குக் கொடுத்தது. ஹட்டன் பக்கத்து மழையில் புத்தகம் பூத்துப்போகும் என்று அப்பா அதை ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் வைத்தார். இன்றைக்கும் பக்கத்தைத் திருப்பினால் தேயிலை வாசம் வரும். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

டீச்சர், நூலகத்தில் பழைய பயணக் குறிப்பு ஒன்று வாசித்தேன். ஒரு படை வெயிலுக்கு ஒதுங்கி 'டோப்' ஒன்றில் தங்கியது என்று இருந்தது. அகராதியைப் பார்த்தால் 'டோப்' என்பது அளவுக்கு மிஞ்சிக் குடிப்பது என்கிறது. படை முழுக்கக் குடித்துக் கிடந்ததா?
*உயர்தர மாணவர், நோர்வூட்*

இல்லை தம்பி. அவர்கள் தோப்பில் தங்கினார்கள். மாந்தோப்பு, புளியந்தோப்பு என்கிறோமே, அதே தோப்புதான். தென்னிந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் வாயிலிருந்து அதை எடுத்துத் தங்கள் எழுத்தில் 'டோப்' ஆக்கிக்கொண்டார்கள்.

நீங்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பதிவோடு நின்றுவிட்டீர்கள். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் அதே எழுத்தில் இன்னும் சில 'டோப்'கள் வரிசையாக நின்றிருக்கும். ஒன்று நீங்கள் பார்த்த குடி. இன்னொன்று ஒரு சிறு சுறா வகை. மூன்றாவது நம் தோப்பு. நான்காவது பௌத்தத் தூபி. பாளியில் 'தூப' என்பது வட இந்தியப் பேச்சில் 'டோப்' ஆகி அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 1854இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் சாஞ்சிப் பக்கத்துத் தூபிகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இந்த 'டோப்' இருக்கிறது. அனுராதபுரத்தைப் பற்றி அந்தக் காலத்து ஆங்கிலேயர் எழுதியதை வாசிக்கும்போது இது கண்ணில் பட்டால் மரத்தைத் தேட வேண்டாம், தூபியைத் தேடுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல அகராதியில் சொல்லின் தோளில் பொடி எழுத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும். அந்த எண் மாறினால் சொல்லே வேறு, பிறந்த வீடு வேறு. எழுத்து ஒன்றாய் இருப்பது தற்செயல். ஒரே எண்ணுக்குக் கீழே வரிசையாக வரும் பொருள்கள்தான் ஒரு தாய் பிள்ளைகள். தமிழில் 'ஆறு' என்று எழுதிவிட்டு யோசித்துப் பாருங்கள். மகாவலி ஓர் ஆறு, ஐந்துக்கு அடுத்தது ஆறு, தேத்தண்ணி சூடாக இருந்தால் ஆறட்டும் என்கிறோம். எண்ணுக்கும் நதிக்கும் உறவே இல்லை. ஆனால் நதியும், பழைய பாட்டில் வழி என்ற பொருளில் வரும் 'ஆறு'ம் நெருங்கிய சொந்தம். ஆங்கிலத்திலும் இப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. 'கேஷ்' என்ற சொல்லை எல்லாருக்கும் தெரியும். அதற்கும் இரண்டு பிறப்பு உண்டு. கடையில் சொல்லும் 'கேஷ்' பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது 'கேஷ்' சிறு செப்புக் காசு. அது நம்முடைய காசு, போர்த்துக்கீசர் வாய் வழியாகப் போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் அந்தப் பெயரையே வைத்தார்கள். பழைய கணக்குப் புத்தகத்தில் இத்தனை 'கேஷ்' என்று எண்ணிக்கை போட்டிருந்தால் அது இந்தக் காசு.

மாத்தளையில் மிளகு வாங்கி விற்கிறேன். இந்திய விலைப் பட்டியலில் 'மலபார் கார்பிள்ட்' என்று ஒரு தரம் போட்டிருக்கிறார்கள். என் மகள் 'கார்பிள்' என்றால் குழப்பியடிப்பது, செய்தியைச் சிதைப்பது என்கிறாள். குழம்பின மிளகுக்கு எப்படி நல்ல விலை?
*ஒரு வியாபாரி, மாத்தளை*

ஐயா, மகள் சொல்வதும் சரி, பட்டியலில் இருப்பதும் சரி. மிளகுக்காரர்கள் பிடித்து வைத்திருப்பது பழைய பொருள்.

அரபியில் 'கர்பல' என்றால் சலித்தல். அது இத்தாலிய வணிகர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தூசி, காம்பு, சொத்தை எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தமாக்குவதுதான் அன்றைக்கு 'கார்பிள்'. லண்டன் நகரத்தில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் புகுந்து மிளகையும் மற்ற வாசனைச் சரக்கையும் சோதித்துக் கலப்படத்தை நீக்க வைப்பது அவர் உத்தியோகம். ஆகவே 'கார்பிள்ட்' மிளகு என்றால் சலித்துச் சுத்தம் பண்ணின மிளகு. சலிக்காததற்கு முன்னால் ஓர் 'அன்' சேர்த்து 'அன்கார்பிள்ட்' என்பார்கள், விலை குறையும்.

அப்புறம் எப்படி அது குழப்பம் ஆனது? சலிப்பவன் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. எது நிற்க வேண்டும், எது விழ வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்கிறான். ஒருவர் சொன்னதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து மீதியைக் கொட்டிவிட்டால், மிஞ்சுவது அவர் பேச்சா? அப்படித்தான் 'சலித்தல்' முதலில் 'தனக்கு ஏற்றபடி பொறுக்குதல்' ஆனது, பிறகு 'திரித்தல்' ஆனது, கடைசியில் 'தலை கால் புரியாமல் சிதைத்தல்' ஆனது. ஒரு படியும் தவறவில்லை. ஒவ்வொரு படியும் மனிதன் நடந்துகொள்ளும் விதத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

இந்தச் சொல்லைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான். அவர் ஸ்டோரில் சல்லடைப் பகுதியில் வேலை செய்தார். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டத்தில் ஸ்டோர் என்றால் கடையில்லை, தேயிலைத் தொழிற்சாலை. சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய் வாசலில் நிற்பேன். உள்ளே சல்லடைகள் ஆடும் சத்தத்தில் அப்பா என்று கூப்பிட்டால் கேட்காது. கண்ணி பெரிய தட்டில் ஒரு தரம் நிற்கும், அடுத்ததில் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் அடியில் டஸ்ட். அப்பா வெளியே வரும்போது புருவம், காது மடல், சட்டைக் கழுத்து எல்லாம் பழுப்பாக இருக்கும். கேரியரைத் திறக்குமுன் உள்ளங்கையை விரித்து அன்றைக்குச் சலித்ததைக் காட்டுவார். "இது கொழும்பு ஏலத்துக்கு," என்பார். நல்ல தரம் ஏலத்துக்குப் போகும், எங்கள் வீட்டுக்கு வருவது தூள். எந்தத் தட்டில் எது நிற்கிறது என்று முகராமலே சொல்வார். 'கார்பிள்' செய்வதை ஒரு கௌரவமான வேலையாக நான் பார்த்தது அந்த வாசலில்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: தமிழிலும் 'சலித்தல்' இரண்டு. மாவையும் சலிக்கிறோம், மனமும் சலிக்கிறது.

ஆங்கிலத்தில் ஆக அதிகப் பொருள் உள்ள சொல் எது?
*வாசகர், பதுளை*

'செட்' என்பதைத்தான் நீண்ட காலமாகச் சொல்லி வந்தார்கள். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள். இப்போது நடக்கும் திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது. மனப்பாடம் செய்ய வேண்டாம். பரீட்சைக்கு இருபது தெரிந்தாலே தாராளம்.

சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அத்தை கூடலூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார். அவர் பாஸ்போட்டின் உள்பக்கத்தில் 'லெட்' இல்லாமலும் தடை இல்லாமலும் இவரைப் போக விடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. 'லெட்' என்றால் அனுமதிப்பது இல்லையா டீச்சர்? அனுமதி இல்லாமல் போக விடுவது எப்படி?
*வாசகி, மஸ்கெலியா*

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். எத்தனையோ பேர் பாஸ்போட்டைத் திறந்து படத்தைப் பார்த்து மூடிவிடுகிறார்கள். நீங்கள் அந்த வரியில் நின்றிருக்கிறீர்கள்.

இங்கேயும் இரண்டு 'லெட்' இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்று ஒரு வினை, விடுவது. 'லெட்டன்' என்று இன்னொரு வினை, தடுப்பது. கேட்கும்போதே பக்கத்துப் பக்கத்து லயத்துக்காரர், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்காரர், மாதிரி இருக்கிறது. காலம் போகப் போக உச்சரிப்புத் தேய்ந்து இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டன. நேர் எதிரான பொருளோடு ஒரே வீட்டில் எவ்வளவு நாள் இருக்க முடியும்? தடுப்பது என்ற 'லெட்' பேச்சிலிருந்து வெளியேறிவிட்டது. ஆனால் சட்டத்தின் மொழி எதையும் இலேசில் கைவிடாது. பிரித்தானியப் பாஸ்போட்டிலும் இந்தியப் பாஸ்போட்டிலும் அது 'இடையூறு' என்ற பொருளில் இன்னும் நிற்கிறது. டெனிஸ் விளையாட்டில் பந்து வலையில் உரசிப் போனால் 'லெட்' என்று மறுபடி போடச் சொல்கிறார்களே, அதுவும் இந்தத் தடையேதான்.

ஆகவே அத்தையின் பாஸ்போட் சொல்வது: இவரை யாரும் மறிக்காமல், தடுக்காமல் போக விடுங்கள்.

1948இல் குடியுரிமை பறிபோய், 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று தலை எண்ணிப் பிரிக்கப்பட்ட தோட்டத்துச் சனம் நாம். எங்கள் லயத்தில் நடுக்காம்பராவில் இருந்தவர்கள் போன அன்றைக்கு வாசலில் கிடந்த அம்மியைத் தூக்க முடியாமல் விட்டுப்போனார்கள். பிறகு நாங்கள்தான் அதில் அரைத்தோம். யாரும் மறிக்காமல் போய் வரலாம் என்று ஒரு நாடு எழுதிக் கொடுப்பது நமக்குச் சின்னக் காரியம் இல்லை. அத்தைக்கு அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். பேச்சுவாக்கில் 'காலையில பிரட்டுக்குப் போன மாதிரி' என்றேன். கூட இருந்தவர்கள் அது தமிழே இல்லை, தோட்டக்காட்டுப் பேச்சு என்று சிரித்தார்கள். மனசு கஷ்டமாக இருந்தது.
*வாசகி, பொகவந்தலாவை*

கஷ்டப்பட வேண்டாம் மகள். 'பிரட்டு' என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல். அவர்கள் பஸ், டிக்கட், டவல் என்று நாள் முழுக்கப் பேசுகிறார்கள் இல்லையா? நம்முடையது அவற்றைவிட மூத்த விருந்தாளி, அவ்வளவுதான். அதுவும் வந்த வீட்டு உடையை உடுத்திக்கொண்ட விருந்தாளி. 'பரேட்' என்று நாக்கை மடக்காமல், பிரட்டு, பிரட்டுக்களம், பிரட்டுத் தப்பு என்று தமிழ்ச் சொல் மாதிரியே குடும்பம் வைத்துவிட்டது. இருட்டோடு தப்பு அடித்து ஆட்களை எழுப்பி, களத்தில் நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பிய அந்த ஒழுங்கை இதைவிடச் சரியாகச் சொல்ல வேறு சொல் இல்லை.

ஆங்கிலப் 'பரேட்'டுக்கும் பல முகம் உண்டு. சிப்பாய்கள் அணிவகுப்பு, அவர்கள் கூடும் திடல், பகட்டாகக் காட்டிக்கொள்வது, கடற்கரையோரம் உலாவும் வீதி. தோட்டத்துக்கு வந்தது பட்டாளத்துப் பொருள். 'லயம்' என்று நாம் சொல்வதும் 'லைன்'தான். சிப்பாய்களின் குடிசை வரிசைக்கு 'லைன்ஸ்' என்று பெயர், அதையே தோட்டத்துக்கும் வைத்தார்கள். நம்மைக் குடியமர்த்தியவர்கள் மனதில் என்ன இருந்தது என்று இந்த இரண்டு சொல்லும் காட்டிக்கொடுக்கின்றன.

தோட்டத்து ஆங்கிலக் கடதாசிகளில் பிரட்டுக்கு இன்னொரு பெயர் 'மஸ்டர்'. 'காட்டுதல்' என்ற இலத்தீன் வேரில் வந்தது. ஆளைக் காட்டி எண்ணிக்கை கொடுப்பது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மயில் கூட்டத்துக்கும் 'மஸ்டர்' என்றே பெயர். தோகையைக் காட்டுகிறதே! இந்திய வணிகர் ஆங்கிலத்தில் 'மஸ்டர்' என்றால் சரக்கின் மாதிரி. அது போர்த்துக்கீசம் வழியாக வந்தது, ஆனால் வேர் அதுவே.

வீட்டில் இறைச்சிப் பிரட்டல் வைக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் 'பிரட்டு' வேறு, சட்டியில் புரட்டுவது. நம் தமிழுக்கு யாராவது நல்ல அகராதி போட்டால் பிரட்டு 1, பிரட்டு 2 என்று போட வேண்டியிருக்கும்.

நுவரெலியாவில் உருளைக்கிழங்கு போடுகிறோம். விதைக்கிழங்கு பற்றிய ஆங்கிலக் கையேட்டில் 'சிட்' பண்ணச் சொல்கிறார்கள். ஆபிசில் கொடுக்கும் 'சிட்'டுக்கும் கிழங்குக்கும் என்ன சம்பந்தம்?
*ஒரு விவசாயி, நுவரெலியா*

சம்பந்தம் இல்லை. கிழங்குக்குச் சொல்லும் 'சிட்' முளை. விதைக்கிழங்கை வெளிச்சம் படும் இடத்தில் பரப்பி வைத்துக் கண்ணிலிருந்து குட்டையாக, உறுதியாக முளை வர விடுவதுதான் 'சிட்டிங்'. வாய்த்துடுக்கான சின்னப் பெண்ணையும் 'சிட்' என்பார்கள். அதற்கு முன்னால் அது மிருகத்தின் குட்டியைக் குறித்தது. ஆபிசில் தரும் 'சிட்' இந்தியிலிருந்து போனது. சிட்டி, அதாவது கடிதம். ஆங்கிலேயர் அதன் வாலை வெட்டி 'சிட்' ஆக்கினார்கள்.

இந்தக் கடைசி 'சிட்'டைத் தோட்டத்தில் நாம் என்ன சொன்னோம்? துண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒரு தோட்டத்து ஆட்கள் இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் துண்டு வேண்டும். இன்னின்ன ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இவர்களை விடுகிறோம் என்று எழுதிய கடதாசி. கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும் தோட்டம் அந்தக் கடனை அவர்கள் பேரிலேயே வைத்துக்கொள்ளும். ஆள் மாறினாலும் கடன் கூடவே வரும். வெள்ளைக்காரத் துரைமார் இதற்குத் தங்கள் மொழியில் பெயர் தேடவில்லை. 'துண்டு' என்றே ஆங்கிலத்தில் எழுதினார்கள். 1921இல் அதை ஒழித்துச் சட்டம் வந்தபோது அங்கேயும் நம் சொல்தான் நின்றது. பாட்டி கடைசிக் காலம் வரை, கடையில் கொடுக்கும் சின்னப் பற்றுச்சீட்டைக்கூடத் துண்டு என்று சொல்ல மாட்டார். "கடதாசி" என்பார். ஏன் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. தமிழில் ஒரு துணித்துண்டு, ஒரு ரொட்டித்துண்டு. ஆங்கிலத்துக்குப் போன துண்டில் அந்தப் பொருள் ஒன்றும் இல்லை, கடன் மட்டும்தான் இருந்தது.

'கூலி'யும் அப்படிப் போனதுதான். அதன் பிறப்புக்கு அகராதிகள் குஜராத்தின் கோலி மக்களையும் காட்டும், நம் கூலியையும் காட்டும். தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்கு வாங்கும் காசு. ஆங்கில அகராதியில் அது ஆள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் இரண்டு வரியாக எழுதிக் காட்டுவேன், விளக்கம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே புரியும்.

'கனிக்கோபொலி' என்று ஒரு சொல் பழைய மதராஸ் கடிதங்களில் வருகிறது. ஏதாவது விளையாட்டா?
*வாசகர், கண்டி*

கணக்குப்பிள்ளை ஐயா! மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், கேட்கும். 1886இல் வந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் இதற்குத் தனிப் பதிவே இருக்கிறது.

எங்கள் கோயிலில் ஆங்கில ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது 'குவிக்'கையும் மரித்தவர்களையும் நியாயந்தீர்க்க வருவார் என்று வருகிறது. வேகமானவர்களையா?
*வாசகி, பண்டாரவளை*

தமிழ் ஆராதனையில் அதே இடத்தில் என்ன சொல்கிறீர்கள் அம்மா? "உயிருள்ளோரையும் மரித்தோரையும்." பதில் உங்கள் வாயிலேயே இருக்கிறது. 'குவிக்' என்பதற்கு முதற்பொருள் உயிரோடிருத்தல். உயிருள்ளது அசையும், துடிக்கும். அதிலிருந்து வேகம் என்ற பொருள் வந்து பழையதை மூடிவிட்டது.

ஆனால் மூலையில் பழையது கிடக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டினால் வலிக்கும் அந்தச் சதை 'குவிக்'. பாதரசத்துக்கு 'குவிக்சில்வர்', உயிருள்ள வெள்ளி. உருண்டு ஓடுகிறதே. காலை இழுக்கும் மணலுக்கு 'குவிக்சாண்ட்'. நட்ட கொம்புகள் துளிர்த்து வளரும் வேலிக்கு 'குவிக்செட்'. இதற்கு நம்மிடம் அச்சொட்டான சொல் உண்டு, உயிர்வேலி. இரண்டு மொழிக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமல், செத்த கட்டை வேலிக்குப் பக்கத்தில் துளிர்த்த வேலியைப் பார்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் காய்கறித் தோட்டத்து ஓரத்தில் அப்பா நட்ட முள்முருக்குக் கொம்பு இப்போது மரமாக நிற்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. வயிற்றிலிருக்கும் பிள்ளை முதன்முதலாக அசைவதைத் தாய் உணர்கிறாளே, அதற்கு ஆங்கிலத்தில் 'குவிக்கனிங்' என்று பெயர். என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது தோட்டத்து மிட்வைஃப் அம்மா தன் பதிவேட்டில் அந்தச் சொல்லை எழுதி, தேதி கேட்டார். எனக்குத் தேதி சரியாக ஞாபகம் இருந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மத்தியானம் அது, ஜன்னலுக்கு வெளியே மழை.